உள் பாக்கெட்டில் ஒரு குப்பி

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவள், "சரி தம்பி, மேடையில பேசறேன்" என்று தலையாட்டியதும் உங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வந்திருக்கும். இவளுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று கேட்டிருப்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவள், அவர் போய்ச் சேரக் காரணமானவனுக்கே கோட்டுத் தைத்துக் கொடுத்து, அவன் விழாவில் மைக்கும் பிடிக்கிறேன் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

கொஞ்சம் பொறுங்கள். அவளுக்கு அந்தக் குடும்பம் வைத்த பெயர் வாயில்லாப் பூச்சி. வாய் இல்லை என்று கண்டுபிடித்தவர்கள், கொடுக்கு இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

இன்றைக்குத்தான் முதல்முறையாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவளின் புருஷன் பஸ் டெப்போவில் மெக்கானிக். இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னார். மாத்திரை போட்டுக்கொண்டு மனுஷன் நன்றாகத்தான் இருந்தார். அவருக்குக் கூடப் பிறந்தவன் ஒருவன். சொந்தக்காரர்கள் அவனை டானிக் என்பார்கள். இதயத்துக்கும் தெம்புக்கும் நல்லது என்று ஒரு சத்துமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த டானிக், அண்ணன் காதில் ஓதினான். "மாத்திரையெல்லாம் விஷம்ண்ணா. இதைக் குடி, ரத்தக்குழாய் தானா சுத்தமாகிடும்." ஓதி ஓதி, ஒரு நாள் அலமாரியில் இருந்த மாத்திரைகளையெல்லாம் தன் கையாலேயே அள்ளிக் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான். நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள என்று டாக்டர் கொடுத்த சின்னப் பழுப்புக் குப்பியும் அதோடு போயிற்று.

மெக்கானிக் டெப்போவில் எப்படிச் செத்தார் என்று, அவரோடு வேலை செய்தவர் வந்து சொன்னார். "சட்டைப் பாக்கெட்டையே தடவிக்கிட்டு இருந்தார்மா. என்ன வேணும்னு கேட்டா சொல்ல வரல. கடைசி வரைக்கும் கை பாக்கெட்டுக்குள்ளதான் இருந்தது."

அந்தக் குப்பி எப்போதும் இருந்த பாக்கெட் அது. கை பழக்கத்தில் தேடியிருக்கிறது. பெரியவள் அதற்கு அப்புறம் டானிக்கிடம் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. ஆனால் அந்தக் கையை நினைக்காமல் அவள் ஒரு வாய் சாப்பிட்டதும் இல்லை.

இன்றைக்கு விழா. அந்தச் சத்துமாவுக் கம்பெனியில் டானிக் பெரிய படி ஏறுகிறான், பதவி உயர்வு. காலையிலேயே கோட்டுக்கு வந்து நின்றுவிட்டான்.

பெரியவளின் தையல் கடை என்பது வீட்டின் முன்னறைதான். இரண்டு மெஷின், துணி வெட்டும் மேஜை, இஸ்திரிப் பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி. கரு நீலக் கோட்டை எடுத்து அவள் விரித்துப் பிடிக்க, டானிக் கைகளை நுழைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினான்.

"என்ன இருந்தாலும் அண்ணி கை அண்ணி கைதான். கடையில வாங்கியிருந்தா இப்படி உட்காருமா?"

"இடது கைப் பொத்தான் ஒண்ணு தளர்வா இருக்கு. கழட்டுங்க, இறுக்கித் தர்றேன்."

"இருங்க, பாக்கெட்டைப் பார்த்துக்கறேன்." நெஞ்சுப் பக்கம் உள்ளே கையை விட்டுப் பார்த்தான். அந்த உள் பாக்கெட் அவன் கேட்டு வைத்தது. விரல் நீளத்துக்கு, மூடி போட்டு, பொத்தானும் வைத்து. இவ்வளவு சின்னதில் என்ன தம்பி வைக்கப் போறீங்க என்று அவள் அளவெடுத்த அன்றைக்கே கேட்டாள். ராசிக்கு ஒரு பொருள் அண்ணி என்று சிரித்து மழுப்பிவிட்டான். இப்போது சட்டைப் பையிலிருந்து எதையோ உள்ளங்கைக்குள் மறைத்து எடுத்து, அதில் போட்டுப் பொத்தானை மாட்டிப் பார்த்தான். திருப்தி. கோட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டான்.

"அண்ணி, பேச வேண்டியது மனப்பாடம் ஆச்சா? கடைசி வரிதான் முக்கியம். ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

பெரியவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "'இன்னும் கொஞ்சம் முன்னாடியே இதைக் குடிக்க ஆரம்பிச்சிருந்தா, என் வீட்டுக்காரர் இன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்திருப்பார்.'"

"அருமை. அந்த இடத்துல கண்ணுல கொஞ்சம் தண்ணி வந்தா நல்லது. வரலைன்னாலும் பரவாயில்ல, கர்சீப்பை எடுத்து வச்சுக்குங்க."

எவ்வளவு திண்ணக்கம் பாருங்கள். அண்ணனைக் கொன்றது போதாதென்று, அவர் சாவை டப்பாவில் அடைத்து விற்கவும் அண்ணியையே கூப்பிடுகிறான். பெரியவள் பொத்தானைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

டானிக்கின் போன் அடித்தது. கம்பெனியில் அவனுக்கு மேலே இருக்கிறவர்கள். "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டே தெருவுக்கு இறங்கிப் போனான்.

காலரில் கடைசியாக ஒரு தடவை பெட்டி போடலாம் என்று அவள் கோட்டைத் திருப்பினாள். உள்ளே கிலுகிலு என்றது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சட்டை துவைக்கப் போடும்போதெல்லாம் பாக்கெட்டிலிருந்து எடுத்துவைத்த சத்தம். பொத்தானைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். சின்னப் பழுப்புக் குப்பி. அதே மாத்திரை, அதே பெயர்.

முதலில் அது தன் புருஷனுடையது என்றே நினைத்துவிட்டாள். எங்கேயோ தப்பி இத்தனை நாள் கழித்துக் கிடைத்திருக்கிறது என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் லேபிளில் டானிக்கின் பெயர் கண்ணில் பட்டது. அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இவனுக்கும் நெஞ்சில் கோளாறு. இவனும் டாக்டரிடம் போகிறான். இவனும் மாத்திரை போடுகிறான். ஊருக்கு உபதேசம், தனக்கு மாத்திரை. அண்ணனுக்கு மட்டும் டப்பா.

மேடையில் இந்தக் குப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தாள். காட்டினால் என்ன ஆகும்? இது விட்டமின் என்பான். அண்ணிக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்பான். கூட்டமும் உச்சுக் கொட்டும். அவன் வாய்க்குப் பூட்டுத் தயாரிக்க இன்னும் ஆள் பிறக்கவில்லை. அப்படியே அவமானப்பட்டாலும் எத்தனை நாளைக்கு? ஒரு வாரத்தில் தலை முழுகிவிட்டு இன்னொரு டப்பாவோடு கிளம்புவான்.

அவளுக்கு வேண்டியது அவமானம் இல்லை. அந்தக் கை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் கையும் பாக்கெட்டுக்குள் போய்த் தேடவேண்டும். தேடினால் கிடைக்காமல் போவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவேண்டும்.

குப்பியைத் திறந்து மாத்திரைகளைக் கர்சீப்பில் கொட்டி முடிச்சுப் போட்டாள். பொத்தான் டப்பாவிலிருந்து குழந்தைச் சட்டைக் காலருக்கு வைக்கிற பொடிப் பொத்தான்களை, வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கிக் குப்பியில் போட்டு மூடினாள். காதோரம் ஆட்டிப் பார்த்தாள். அதே கிலுகிலு. பாக்கெட்டில் வைத்துப் பொத்தானை மாட்டி, கோட்டின்மேல் நிதானமாகப் பெட்டி போட்டாள்.

சாகட்டும் என்று நினைத்தாளா என்று கேட்பீர்கள். நினைத்தாள். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? மாத்திரையைக் குப்பையில் போடாமல் கைப்பைக்குள் ஏன் வைத்தாள் என்று கேட்டால் அது அவளுக்கே தெரியாது.

டானிக் திரும்பி வந்து கோட்டைப் போட்டுக்கொண்டான். இடது மார்பை லேசாகத் தட்டிப் பார்த்தான். கிலுகிலு. முகம் தெளிந்தது.

"நான் முன்னாடி போறேன் அண்ணி. சின்னவ டாக்ஸியில வந்து உங்களைக் கூட்டிக்குவா."

"போயிட்டு வாங்க தம்பி" என்றாள், வாசல் வரைக்கும் வந்து.

சின்னவள், டானிக்கின் பெண்டாட்டி, டாக்ஸியில் மடியில் ஒரு பெரிய பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். பெரியவளுக்கு இடம் விட்டு நகர்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மெக்கானிக் போன சமயத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருந்தவள் இவள்தான். தலை வாரிவிட்டு, ஊட்டிவிட்டு, மெஷினுக்கு எண்ணெய் கூடப் போட்டு வைத்தாள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இந்த வீட்டில் அப்படி இல்லை.

"அக்கா, உங்களுக்கும் கலக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். மேடை ஏறுறதுக்கு முன்னாடி குடிச்சா படபடப்பு இருக்காது."

"வேண்டாம்மா."

"எல்லாம் நல்ல சாமான்க்கா. பீட்ரூட்டு, பாதாம், பூசணி விதை. கெட்டது எதுவுமே கிடையாது."

கெட்டது இல்லைதான். பெரியவளும் அதை என்றைக்கும் குறை சொன்னதில்லை. மெக்கானிக்கைப் பார்த்த டாக்டரே, "சத்துமாவா, விருப்பப்பட்டா குடிங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றுதான் சொன்னார். டப்பாவில் இருந்தது தீனி. விஷம் இருந்தது டானிக்கின் நாக்கில்.

"எனக்கு அவரோட ஓட்டத்தை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள் சின்னவள்.

"என்ன ஓட்டம்?"

"உங்களுக்குத் தெரியாதா? பெரிய படி ஏறுறவங்க எல்லாரும் ஹாலைச் சுத்தி மூணு சுத்து ஓடணும்க்கா. பாட்டுப் போட்டுவிடுவாங்க. ஓடி முடிச்ச வேகத்துல மேடைப் படியைத் தாவி ஏறணும். டப்பா குடிக்கிற நெஞ்சு எப்படி இருக்கும்னு ஜனங்களுக்குக் காட்டணுமாம். போன வருஷம் ஒருத்தர் அறுபது வயசுல ஓடினார், குதிரை மாதிரி."

என்றைக்கோ ஒரு நாள் என்று பெரியவள் நினைத்துச் செய்த காரியம், இன்றைக்கே, இன்னும் கொஞ்ச நேரத்தில் என்று எதிரில் வந்து நிற்கிறது. மூன்று சுற்று. அப்புறம் படி.

"ஏன்க்கா முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். டானிக்கின் நம்பர் வரைக்கும் விரல் போயிற்று. 'தம்பி, ஓடாதீங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இல்லை, பக்கத்தில் இருக்கிறவளிடமே விஷயத்தை உடைத்துவிடலாம். சின்னவளின் கை இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இவளும் என்னைப்போல் ஒற்றையாக நிற்கவேண்டுமா என்று ஒரு கேள்வி வந்தது.

உடனே டெப்போ ஞாபகம் வந்தது. சட்டைப் பாக்கெட்டுக்குள் இருந்த கை ஞாபகம் வந்தது. போனைப் பைக்குள் போட்டு மூடிவிட்டாள். சிக்னலில் வண்டி நின்றபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹால் நிரம்பி வழிந்தது. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, எல்லார் சட்டையிலும் டப்பாவின் படம் போட்ட பேட்ஜ். மேடையின் நடுவில் ஜரிகைத் துணி போர்த்திய பெரிய நாற்காலி. டானிக் உட்காரப்போகிற நாற்காலி அது.

பாட்டு ஆரம்பித்தது. டானிக் பின்வாசலிலிருந்து ஓடி வந்தான்.

முதல் சுற்றில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடினான். ஜனம் எழுந்து நின்று தாளத்துக்குக் கைதட்டியது. இரண்டாவது சுற்றில் கை கீழே இறங்கிவிட்டது. மூன்றாவதில் சிரிப்பு மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்ற எதுவும் சரியாக இல்லை. முன்வரிசையைத் தாண்டும்போது மூச்சு இழுக்கிற சத்தம் பெரியவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தோடு அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். சின்னவள் கண்ணில் நீர் வழியக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மேடைப் படியை அவன் தாவவில்லை. ஒவ்வொன்றாக ஏறி நாற்காலியில் விழுந்தான்.

"பாருங்க, பாருங்க, அம்பது தாண்டின நெஞ்சு இது" என்று தொகுப்பாளர் மைக்கில் கத்தினார். "இப்ப இவரோட அண்ணி பேசுவாங்க. கணவரை இழந்தவங்க. அவங்க அனுபவத்தைக் கேட்போம்."

பெரியவள் எழுந்தாள். கைப்பையோடு மேடை ஏறினாள். மைக்கை வாங்கினாள். ஹால் அமைதியாயிற்று.

"என் வீட்டுக்காரர் டெப்போவில மெக்கானிக்கா இருந்தார்" என்று ஆரம்பித்தாள். "அவருக்கு நெஞ்சுல அடைப்பு."

பின்னாலிருந்து துணி உரசுகிற சத்தம். திரும்பினாள்.

டானிக்கின் வலது கை கோட்டுக்குள் போயிருந்தது. முகம் முழுக்க வேர்வை. சின்னப் பொத்தான் விரலுக்கு வசப்படாமல் நழுவியது. ஒருவழியாகக் கழற்றினான். உள்ளங்கைக்குள் மறைத்துக் குப்பியைத் திறந்து, தலையைக் குனிந்து, எதையோ வாய்க்குள் போட்டுக்கொண்டான். கண்ணை மூடிக் காத்திருந்தான்.

கண் திறந்தது. நாக்கு வாய்க்குள் துழாவியது. கையில் துப்பினான்.

இரண்டு வெள்ளைப் பொத்தான்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது. கை மறுபடி கோட்டுக்குள் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அந்தக் கை உள்ளே தடவிக்கொண்டே இருந்தது.

பெரியவள் மைக்கோடு நாற்காலிப் பக்கம் போனாள்.

"என்ன தேடறீங்க தம்பி?"

அது ஹால் முழுக்கக் கேட்டது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். டானிக் இல்லை இல்லை என்று தலையாட்டினான். தொகுப்பாளர் பதறிப்போய்த் தம்ளரில் டப்பாவைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஒரு மடக்கு சார், ஒரே மடக்கு."

டானிக் தம்ளரைத் தட்டிவிட்டான். சிவப்பாக மேடை முழுக்கக் கொட்டியது. கைதட்டல் நின்றுவிட்டது.

பெரியவள் கர்சீப்பின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் பொடிப் பொடியாக மாத்திரை. "இதுவா?"

அவன் கை நீண்டது. அவள் ஒரு அங்குலம் பின்னால் இழுத்துக்கொண்டாள். மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"கேளுங்க."

"அண்ணி..."

"வாயைத் திறந்து கேளுங்க. என்ன வேணும்?"

"மாத்திரை."

"என்ன மாத்திரை?"

அவன் ஹாலைப் பார்த்தான். அத்தனை பேட்ஜும் அவனைப் பார்த்தன. "நெஞ்சு... நெஞ்சு மாத்திரை. டாக்டர் கொடுத்தது. தாங்க அண்ணி, செத்துடுவேன்."

இனித்தது. பொய் சொல்வானேன், அவளுக்கு அடிவயிறு வரைக்கும் இனித்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவனுடைய உயிர் அவள் உள்ளங்கையில் இருந்தது. கையை மூடிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

ஆனால் இவன் செத்துவிட்டால் யார் பதில் சொல்வது? செத்தவனை எல்லாரும் நல்லவன் என்பார்கள். போட்டோவுக்கு மாலை போட்டு, அதற்குக் கீழேயும் டப்பாவை அடுக்கி வைப்பார்கள்.

"வாயைத் திறங்க" என்றாள். மாத்திரையைத் தன் விரலாலேயே அவன் நாக்குக்கு அடியில் வைத்தாள். "உங்கண்ணனுக்கும் இதுதான் வேணும்னு இருந்தது. கொடுக்க ஆள் இல்ல. நீங்க இருந்து பதில் சொல்லணும். அவ்வளவு சுலபத்துல போக விடமாட்டேன்."

யாரோ மைக்கை அணைத்தார்கள். அணைத்து என்ன, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று தொகுப்பாளரிடம் சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தபோது சின்னவள் மேடையில் நின்றாள்.

சின்னவள் அழவில்லை. கீழே உருண்டு கிடந்த குப்பியைக் குனிந்து எடுத்து லேபிளைப் பார்த்தாள். புருஷனுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இது எப்பவிருந்துங்க?"

டானிக்குக்கு மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. "அது வந்து... சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"எப்பவிருந்து?"

"அண்ணன் இருக்கும்போதே."

அப்படியென்றால் அண்ணன் குப்பியைக் கழிவறையில் கொட்டிய அன்றைக்கு, இவன் குப்பி இவன் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது. கொடுத்த மாத்திரையைத் திரும்பத் தோண்டி எடுத்துவிடலாமா என்றிருந்தது பெரியவளுக்கு.

"மத்த மாத்திரையும் போடறீங்களா?"

அவன் தலை அசைந்தது.

"தினமும்?"

மறுபடியும் அசைந்தது. சின்னவள் எழுந்தாள். திட்டுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. ஏதோ யோசிக்கிறவள்போல நின்று, பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எங்கப்பா வீட்டுல தனியா இருக்கார்."

"என்னம்மா சொல்ற?"

"ஊர்லேருந்து வந்து போன வாரத்துலேருந்துதான் எங்களோட இருக்கார். அவரும் நெஞ்சுக்கு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தார். இவர் சொன்னார்னு நான்தான் எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பையில போட்டேன்." போனை எடுத்து நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டே பேசினாள். "காலையில கிளம்பும்போது நெஞ்சு எரியுதுன்னார்க்கா. இன்னொரு கரண்டி சேர்த்துக் கலக்கிக் கொடுத்துட்டு வந்தேன்."

"ஒண்ணும் ஆகாது" என்றான் டானிக், நாற்காலியில் சாய்ந்தபடி. அந்த நிலைமையிலும் அவனுக்கு அதுதான் வாயில் வந்தது.

"நீங்க வாயை மூடுங்க" என்றாள் பெரியவள்.

சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். டாக்ஸியில் தன் கையைப் பிடித்திருந்த அதே கை, இப்போது ஐஸாகச் சில்லிட்டிருந்தது. காலையில் அந்தக் குப்பியைப் பார்த்தவுடனேயே இவளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். டாக்ஸியில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதே சின்னவள் வண்டியை வீட்டுக்குத் திருப்பியிருப்பாள். டானிக் கெஞ்சுவதைக் கேட்கவேண்டும் என்ற ஆசையில், பகல் முழுக்கக் கைப்பைக்குள் டானிக்கின் மாத்திரையை மட்டுமா பூட்டி வைத்தாள், சின்னவளின் அப்பா உயிரையும் சேர்த்தா?

"எடுக்கிறாராம்மா?" என்று கேட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சின்னவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.